இலை விடும் உயிர்வளி



தமிழாசிரியனாகப் பணியாற்றிய நாளில், மரம் நடு விழாதோறும் மேடையேறி, மரமானது கரியமில வாயுவை உண்டு அதனையே உயிர்வளியாக மாற்றி நமக்குக் கொடையளிக்கிறது என்று முழங்கியவன் நான். ஒரு முறை விழா முடிந்ததும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி அருகில் வந்தாள். உயிர்வளி வருவது கரியமில வாயுவிலிருந்து அன்று, தண்ணீரிலிருந்து என்றாள். வீடு சென்று நூல்களைப் புரட்டினேன். அவள் சொன்னதே மெய்.

1771-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த கலத்துக் காற்றினுள் புதினாத் தளிரொன்றை வைத்தார். சில நாள் கழிந்தபின் அக்காற்றில் மெழுகுவர்த்தி மீண்டும் எரிந்தது. 1779-இல் இங்கன்ஹவுஸ், இவ்வினை கதிரொளியில் மட்டுமே, அதுவும் பசிய உறுப்புகளில் மட்டுமே நிகழும் எனக் காட்டினார். ஆயினும் அவ்வளி எதிலிருந்து பிறக்கிறது என்னும் ஐயம் நெடுங்காலம் தீரவில்லை. 1941-இல் ரூபன், காமன் முதலியோர் எடைமிகுந்த ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட நீரைப் பாசிக்கு ஊட்டினர். வெளிவந்த வளியிலும் அவ்வணுக்களே இருந்தன. அவற்றைக் கரியமிலப் பொருளில் சேர்த்து ஊட்டியபோது அவ்வாறு வரவில்லை. இலை, கதிரொளியைக் கொண்டு நீரைப் பிளக்கிறது. ஹைட்ரஜனைத் தன் உணவு சமைக்க எடுத்துக்கொள்கிறது. எஞ்சிய ஆக்சிஜனை வெளியே விடுகிறது. நான் கொடை என்று பாடியது அதன் அடுக்களைக் கழிவை!

இன்னொன்றும் சொல்லவேண்டும். உலகில் பிறக்கும் உயிர்வளியில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குத் தெரியாத கடல் நுண்பாசிகளின் உழைப்பு. முதிர்ந்த காடோ, தான் ஈனும் வளியில் பெரும்பகுதியைத் தன் உயிர்ப்புக்கும் சருகு மட்குவதற்குமே செலவிட்டுவிடுகிறது. காற்றில் இன்றுள்ள 21 விழுக்காடு, மட்காமல் மண்ணடியில் புதையுண்ட உயிரெச்சங்களால் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த சேமிப்பு.

எனவே, மரத்தை வெட்டினால் நாளையே மூச்சு முட்டும் என்று பிள்ளைகளை அச்சுறுத்துதல் தகாது. நிழலும், மண்காப்பும், பறவைக்கு உறைவிடமும் போதாவா, மரத்தைக் காக்க? நல்ல நோக்கத்திற்காயினும் மெய்யல்லாததைப் பல்லாண்டு மேடையில் சொன்னேனே என்னும் வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

மறு ஆண்டு விழாவில் என் உரையைச் சுருக்கிக்கொண்டு, அம்மாணவியையே பேச அழைத்தேன். அவள் பேச்சை விடுத்து, ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடியின் தண்டொன்றைக் கண்ணாடிக் குவளை நீரில் இட்டு வெயிலில் வைத்தாள். குமிழிகள் ஒவ்வொன்றாக மேலெழுந்தன. சிறு பிள்ளைகள் சூழ்ந்து நின்று எண்ணத் தொடங்கினர்.