ஆர் சொன்னது?



கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்தில் செய்தி எழுதுகிற எவரும் ஒருதரமாவது எதிர்கொண்டிருக்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. "ஆர் சொன்னது?" சில இடங்களில் அதட்டிக் கேட்பார்கள். சில இடங்களில் கதிரை போட்டு, பிளேன்ரீ தந்து, தன்மையாகக் கேட்பார்கள். எழுதியது பொய் என்று எவரும் வாதாடுவதில்லை. சொன்ன ஆளின் பெயர்தான் அவர்களுக்கு வேண்டும்.

இந்தக் கேள்விக்கு வாய் திறக்காததற்காக மறியலுக்குப் போனவர்கள் உலகத்தில் பலர். அவர்களில் சிலர் வெளியே வந்து புத்தகம் எழுதினார்கள், பதிப்பகங்களும் முன்பணம் கொடுத்து வாங்கின. அந்தப் புத்தகங்களைப் பற்றியும், அவற்றில் பெயர் வராமல் இருக்கவேண்டிய மனிதர்களைப் பற்றியும் இன்று உங்களோடு கொஞ்சம் கதைக்கப்போகிறேன்.

அமெரிக்காவில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் மைரன் ஃபார்பர் என்றொரு செய்தியாளர். நியூ ஜேர்சியில் ஒரு வைத்தியசாலையில் நடந்த மர்மமான மரணங்களைப் பற்றி 1976இல் எழுதினார். ஒரு வைத்தியர் மீது கொலை வழக்குப் பதிவானது. ஃபார்பரின் குறிப்புகளைக் கொண்டுவாருங்கள் என்றது நீதிமன்றம். அவர் மறுத்தார். 1978இல் 40 நாள் சிறையில் இருந்தார். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, இதே விடயத்தைப் புத்தகமாக எழுத அவர் ஒப்பந்தம் செய்திருந்தது தெரியவந்தது. கொள்கைக்காக நிற்கிறாரா, பணத்துக்காகவா என்று நீதிபதி ஒருவரே கடிந்துகொண்டார். புத்தகம் 1982இல் வந்தது. அதே வருடம் மாநில ஆளுநர் அவருக்கு மன்னிப்பும் வழங்கினார்.

அதே பத்திரிகையின் செய்தியாளர் ஜூடித் மில்லரின் கதை வேறு. 2005இல் 85 நாள் சிறை. அவர் காப்பாற்றியது அன்றைய துணை ஜனாதிபதியின் தலைமை அதிகாரியை. அந்த அதிகாரியே "சொல்லலாம்" என்று அனுமதி கொடுத்த பிறகு சாட்சி சொல்லி வெளியே வந்தார். 2015இல் அவருடைய நினைவுக் குறிப்பும் வெளிவந்தது. நாட்டையே நடத்துகிற ஒரு மாளிகைக்குள் இருந்த மனிதரைத்தான் அவர் அத்தனை நாள் மறைத்து வைத்திருந்தார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

எங்கள் பக்கம் வருவோம். எங்களுக்குச் செய்தி சொல்பவர் மாளிகையில் இருப்பவர் இல்லை. நாயாற்றுக் கரையில் வாடி போட்டிருக்கும் ஒரு ஐயா ஒருமுறை என்னிடம் சொன்னார்: "தம்பி, நான் சொன்னதெண்டு போட்டிடாதேங்கோ. நீங்கள் எழுதிப்போட்டு கிளிநொச்சிக்குப் போயிடுவியள். நான் நாளைக்கும் இந்த வாடியிலதான் படுக்கவேணும்." மூலத்தைப் பாதுகாப்பது என்றால் என்ன என்று எத்தனையோ பட்டறைகளில் கேட்டிருக்கிறேன். அந்த ஐயா சொன்னது போல எவரும் விளக்கியதில்லை.

எழுதியதற்கே மறியலுக்குப் போன பத்திரிகையாளர் ஜே.எஸ். திசைநாயகத்தை நேயர்கள் பலருக்கு நினைவிருக்கும். 2006இல் 'நோர்த் ஈஸ்டேர்ன் மன்த்லி' என்ற சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரைகளில் ஒன்று வாகரையில் போருக்குள் அகப்பட்ட சனத்தின் நிலையைச் சொன்னது. 2008 மார்ச் 7இல் கைது செய்யப்பட்டார். அச்சகம் நடத்திய ஜசிகரனும் அவர் மனைவி வளர்மதியும்கூட மறியலுக்குப் போனார்கள். 2009 ஓகஸ்ட் 31இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவருக்கு 20 வருடக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. வற்புறுத்தி வாங்கியது என்று அவர் சொன்ன வாக்குமூலத்தை நீதிமன்றம் சாட்சியாக ஏற்றது. 2010 ஜனவரியில் பிணை, மே 3இல், உலக பத்திரிகைச் சுதந்திர நாளன்று, பொதுமன்னிப்பு அறிவிப்பு.

அந்த 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம் ஒன்றைப் பற்றித் தெரிந்தும் பொலிசுக்கு அறிவிக்காமல் விட்டாலே குற்றம். எங்கள் பத்திரிகை ஆசிரியர்களின் ஒழுக்கக்கோவையோ, மறைவான மூலத்தைக் காப்பது செய்தியாளரின் தார்மீகக் கடமை என்கிறது. இரண்டுக்கும் நடுவில்தான் இங்கே ஒரு செய்தியாளன் நிற்கிறான். 2025 ஓகஸ்டில்கூட, செம்மணிப் புதைகுழியைப் படமெடுத்துவந்த முல்லைத்தீவுப் படப்பிடிப்பாளர் குமணன், அளம்பிலில் உள்ள பயங்கரவாத விசாரணைப் பிரிவு அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டு மணிக்கணக்காக விசாரிக்கப்பட்டார்.

ஆனால் வன்னியின் பெரிய கதை எழுதியவர்களுடையது இல்லை, நேயர்களே. போர் முடிவை நெருங்கிய 2009இன் முதல் மாதங்களில் சுதந்திரமான செய்தியாளர் எவரும் உள்ளே வரமுடியாதிருந்தபோது, உலகத்துக்குச் செய்தி சொன்னவர்கள் அரச வைத்தியர்கள். சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா போன்றவர்கள். புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணையில் சிக்கியதையும், பிறகு முள்ளிவாய்க்காலில் மருந்தில்லாமல் நடந்த சிகிச்சையையும் தொலைபேசியில் சொன்னார்கள். காயப்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். சொந்தப் பெயரில் சொன்னார்கள். மறைவு என்ற வசதியே அவர்களுக்கு இருக்கவில்லை. மே மாதம் கைதானார்கள். 2009 ஜூலை 8இல் ஐந்து வைத்தியர்கள் கொழும்பில் ஊடகவியலாளர் முன் கொண்டுவரப்பட்டு, தாங்கள் முன்பு சொன்ன எண்ணிக்கைகள் மிகைப்படுத்தியவை என்று சொன்னார்கள். தடுப்புக் காவலில் இருந்த மனிதர்கள் சொன்னது அது. பிறகுதான் பிணையில் விடப்பட்டார்கள். அவர்களிடம் செய்தி கேட்டு எழுதிய வெளிநாட்டுச் செய்தியாளர் எவரும் அதற்காக ஒரு நாளும் மறியலில் இருக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத விடயம் இது.

சரி, எழுதுகிறவன் செய்யக்கூடியது என்ன? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

என் குறிப்புக் கொப்பியில் ஆட்களின் பெயர் இருக்காது. மரத்தின் பெயர்தான் இருக்கும். பாலை, வீரை, முதிரை, காயா. எந்த மரம் எந்த ஆள் என்பது என் தலைக்குள் மட்டும். மணல் ரிப்பர்கள் இரவில் எந்தப் பாதையால் போகின்றன என்று சொல்பவரின் வீட்டு வாசலில் நான் மோட்டார்சைக்கிளை நிறுத்துவதில்லை. கோயில் வீதியில் விட்டுவிட்டு, அர்ச்சனைக்கு வந்தவன் போல நடந்துதான் போவேன். தொலைபேசியில் விடயம் கதைப்பதில்லை.

பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். கொழும்பில் அது போதும். எங்கள் ஊர்களில் போதாது. "ஒரு காலை இழந்த, மூன்று பெண்பிள்ளைகளின் தகப்பனான கடற்றொழிலாளி" என்று எழுதினால் அவருடைய அடையாள அட்டையையே அச்சிட்ட மாதிரி. ஒருமுறை காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் அம்மா ஒருவரின் படம் எங்களிடம் வந்தது. முகம் இல்லை. மடியில் மகனின் படம், அதைப் பிடித்திருந்த கை, பின்னால் கிடுகு வேலி. அந்த வேலியில் கிழிந்த இடத்தை நீலத் தறப்பாள் துண்டால் அடைத்திருந்தது. அந்த ஒழுங்கையால் போய்வருகிற எவரும் வேலியைப் பார்த்தே வீட்டைச் சொல்லிவிடுவார்கள். வேலியை வெட்டி, கையை மட்டும் போட்டோம்.

அப்படிப்பட்ட அம்மாமார்தான் 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் பெயரோடும் முகத்தோடும் போராட்டத்தில் இருந்தார்கள். அது அவர்களாக எடுத்த முடிவு. எப்போது முன்னுக்கு வருவது, எப்போது பின்னுக்கு நிற்பது என்பதை அவர்கள்தான் தீர்மானிக்கவேண்டும், நாங்கள் இல்லை.

இனிப் புத்தகங்கள். வன்னியைப் பற்றி வெளியே வந்த நல்ல நூல்களில் இந்தக் கவனம் தெரிகிறது. பிபிசியின் முன்னாள் கொழும்புச் செய்தியாளர் பிரான்சிஸ் ஹரிசன் 2012இல் எழுதிய நூலிலும், ரோகிணி மோகன் 2014இல் எழுதிய நூலிலும் பலரின் பெயர்கள் மாற்றப்பட்டிருக்கின்றன. புத்தகத்தால் பணம் வருவதைக் குற்றமாக நான் நினைக்கவில்லை. எழுதுகிறவனுக்கும் அடுப்பெரிய வேண்டும். மறியலால் வேலையை இழந்தவனுக்கு அந்தப் பணம் நியாயமானது. ஆனால் பதிப்பகம் எப்போதும் இன்னும் கொஞ்சம் கேட்கும். அந்தச் சந்திப்பு எங்கே நடந்தது, அவர் எப்படி இருப்பார், வீட்டில் யார் யார்? கதைக்கு உயிர் கொடுக்கும் விவரம் என்று சொல்லிக் கேட்கும். விசாரணை அறையில் சொல்லாததை, வருடங்கள் கழித்து, ஆள் தெரிகிற மாதிரி அத்தியாயத்தில் எழுதிவிட்டால் மறியலில் இருந்ததற்கே அர்த்தமில்லை. எழுதியவர் ரொறொன்ரோவிலோ லண்டனிலோ இருப்பார். சொன்னவர் இன்னும் அதே வாடியில் இருப்பார், அந்தச் சட்டமும் இங்கேதான் இருக்கிறது.

நேரம் முடிகிறது, சொல்ல வந்ததைச் சுருக்கிவிடுகிறேன். நிருபர்களாக இருந்து நாட்டை விட்டுப் போன நண்பர்களே, உங்கள் அனுபவங்களை எழுதுங்கள், நாங்கள் காத்திருந்து வாசிப்போம். அச்சுக்குக் கொடுக்க முன்னம் ஒன்றை மட்டும் செய்யுங்கள். அந்தப் பக்கங்களை, நம்பிக்கையான ஒருவர் மூலம், உங்களுக்குச் சொன்ன மனிதருக்கு ஒருதரம் வாசித்துக் காட்டுங்கள். அவர் "வேண்டாம் தம்பி" என்றால் எடுத்துவிடுங்கள்.