தொடங்கிய மூச்சுப் பயிற்சியைத் தொடர்வது எப்படி?



கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களிலும், வடக்கே கெர்லிங், களும்பாங் வரையிலும் நம் மக்கள் பலர் இன்று மூச்சுப் பயிற்சியைப் பற்றிப் பேசுகிறார்கள். இரத்த அழுத்தத்துக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் மருத்துவர் சொல்லியிருப்பார். கைத்தொலைபேசியில் ஒரு குரல், "மூச்சை இழுங்கள், மெல்ல விடுங்கள்" என்று வழிகாட்டியிருக்கும். உடனே பாயை விரித்து உட்கார்ந்துவிடுகிறோம். முதல் வாரம் வீடே உட்காருகிறது. இரண்டாம் வாரம் அம்மா மட்டும் உட்காருகிறார். மூன்றாம் வாரம் பாய் சுருட்டியபடியே மூலையில் நிற்கிறது.

இதற்கு நம் பெரியவர்கள் ஆரம்ப சூரத்தனம் என்று பெயர் வைத்தார்கள். ஆகவே, மூச்சுப் பயிற்சியை விடாமல் தொடர்வது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

காரணம் தெரியாமல் செய்கிற காரியம் நீடிப்பதில்லை. எனவே முதலில் காரணத்தைப் பார்ப்போம். ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். கோபம் வந்தால், பயம் வந்தால் அந்த எண்ணிக்கை ஏறுகிறது. மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடுகிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையில் உதரவிதானம் என்னும் தசை உள்ளது. அது கீழே இறங்கும்போது நுரையீரல் நன்றாக விரிகிறது. வயிறு சற்று முன்னே வருகிறது. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சிறிது விரைகிறது. விடும்போது சிறிது தணிகிறது. ஆகையால், விடும் மூச்சை நீளமாக்கினால் உடல் அமைதியின் பக்கம் சாய்கிறது.

இதயத்தை "மெல்லத் துடி" என்று சொன்னால் அது கேட்காது. மூச்சோ தானாகவும் நடக்கும், நாம் சொன்னபடியும் நடக்கும். இதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். திருமூலர் அருளிய திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமம் விளக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நல்ல மூச்சு எந்த ஒரு சமயத்தாருக்கும் மட்டும் உரியதன்று. மூக்குள்ள அனைவருக்கும் பொது.

இப்போது முறை. பாயிலோ நாற்காலியிலோ முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு கையை வயிற்றின்மேல் வையுங்கள். மூக்கு வழியாக, 4 எண்ணும் வரை மெல்ல இழுங்கள்; 6 எண்ணும் வரை மெல்ல விடுங்கள். ஒரு மூச்சுக்கு 10 விநாடி. ஒரு நிமிடத்துக்கு 6 மூச்சு. 5 நிமிடத்துக்கு 30 மூச்சு. அவ்வளவுதான். மூச்சை அடக்கிப் பிடிக்க வேண்டாம். அடக்குவதும் வேகமாக ஊதுவதும் ஆசிரியர் அருகில் இல்லாமல் செய்யத்தக்கவை அல்ல. தலை சுற்றினால் நிறுத்திவிட்டு வழக்கம்போல் மூச்சு விடுங்கள். இருதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். இரத்த அழுத்த மாத்திரைக்கோ ஆஸ்துமா மருந்துக்கோ இப்பயிற்சி மாற்று அன்று.

இவ்வளவு எளிய காரியம் ஏன் நின்றுபோகிறது? அன்றன்று தோன்றும் ஆர்வத்தை நம்பி இருப்பதால்தான். ஆர்வம் மழையைப் போன்றது, வரும், போகும். மழையை நம்பி மட்டும் வீட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொள்ள முடியுமா? தொட்டி கட்ட வேண்டும். அந்தத் தொட்டியைக் கட்டிக் காட்டிய ஒருவர் நம் தோட்டப்புறத்தோடு தொடர்புடையவர்.

நம் சிலாங்கூருக்குத் தெற்கே உள்ள நெகிரி செம்பிலானுக்கு, 1913-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலிருந்து ஓர் இளம் மருத்துவர் வந்தார். திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் 1887-இல் பிறந்த அவர் பெயர் குப்புசாமி. சிரம்பான் அருகே ஒரு ரப்பர் தோட்டத்து மருத்துவமனையைப் பொறுப்பேற்று நடத்தினார். பிறகு ஜொகூரில் பணியாற்றினார். 1923-இல் இந்தியா திரும்பி, 1924-இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டார். உலகம் அறிந்த சுவாமி சிவானந்தர் அவரே. 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். பிராணாயாமத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

அவர் தம் மாணவர்களுக்குப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்ததோடு நிற்கவில்லை. நாட்குறிப்பு ஒன்றையும் கொடுத்தார். எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய், எத்தனை பிராணாயாமம் செய்தாய் என்று கேள்விகள் கொண்ட அட்டவணை அது. நாள்தோறும் அதற்கு உண்மையான விடை எழுத வேண்டும். நோயாளியின் காய்ச்சலை வேளைக்கு வேளை குறித்து வைப்பது மருத்துவரின் வழக்கம் அல்லவா? அதுபோல், மனிதன் தன் பழக்கத்தையும் குறித்துவைக்கச் சொன்னார். மனம் "நான் தினமும் செய்கிறேன்" என்று சொல்லும்; தாள் உள்ளதைச் சொல்லும்.

இதை நம் வீட்டில் செய்யப் புத்தகம் தேவையில்லை. மளிகைக் கடையில் கொடுத்த நாட்காட்டி சுவரில் தொங்குகிறது. செய்த நாளுக்கு ஒரு வட்டம்; செய்யாத நாளுக்கு ஒரு குறுக்குக்கோடு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட இந்தக் கணக்கை வைக்கலாம். குறுக்குக்கோடு போட வெட்கப்பட வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள், 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்றை 2010-இல் வெளியிட்டார்கள். உணவோடு தண்ணீர் குடிப்பது போன்ற ஒரு சிறு செயலைத் தினமும் செய்யச் சொன்னார்கள். அது பழக்கமாக ஊறுவதற்கு நடுத்தரமாக 66 நாள் என்று கணக்கிட்டார்கள். சிலருக்கு 18 நாளே போதும், சிலருக்கு 254 நாள்வரை ஆகும். இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய கேடு எதுவும் இல்லை என்றும் கண்டார்கள். ஆகவே மூன்றாம் வாரத்தில் சலிப்பு வந்தால், அது வர வேண்டிய இடத்தில்தான் வந்திருக்கிறது. ஒரு குறுக்குக்கோடு விழலாம். அடுத்த நாளும் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது, நேரம். "நேரம் கிடைக்கும்போது செய்வோம்" என்பவருக்கு நேரம் கிடைப்பதே இல்லை. வீட்டில் ஏற்கெனவே நடக்கும் ஒரு காரியத்தோடு பயிற்சியைக் கட்டிப்போடுங்கள். விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர், தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும் வேளையில் உட்காரலாம். தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர், வீடு திரும்பிக் குளித்தவுடன் உட்காரலாம். மணி எதுவானாலும் இடம் மாறக்கூடாது. ஒரே மூலை, ஒரே பாய்.

மூன்றாவது, எண்ணுகிற குரல். வழிகாட்டும் குரல் இருந்தால் மனம் அலைவது குறைகிறது. கைத்தொலைபேசிக் குரல் நல்லதுதான். ஆனால் அதை ஒரு விரலால் நிறுத்திவிடலாம். வீட்டுப் பிள்ளை எண்ணினால் அப்படி நிறுத்த மனம் வராது. எங்கள் பள்ளியில் பாடம் தொடங்குமுன் மாணவர்கள் 30 மூச்சு விடுகிறார்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் எண்ணியபோது, சில வாரங்களில் பிள்ளைகளின் கண்கள் சன்னல் பக்கம் போயின. முறை வைத்துப் பிள்ளைகளையே எண்ணச் சொன்னோம். எண்ண வேண்டிய நாளில் எவரும் விடுப்பு எடுப்பதில்லை. பேசக் கூச்சப்படும் பிள்ளையும் அன்று உரக்க எண்ணுகிறது.

அவர்களில் ஒரு மாணவி, செம்பனைக் குலை வெட்டும் தன் தந்தைக்கு மாலையில் எண்ணத் தொடங்கினாள். அவர் குளித்துவிட்டு வந்ததும், "அப்பா, வாங்க, முப்பது இருக்கு" என்பாளாம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தன்று அவள் தாயார் எங்களிடம் சொன்னார்: "முன்னெல்லாம் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே பிள்ளைங்க உள்ளே ஓடிடும். இப்ப பக்கத்துல வந்து உட்காருதுங்க. கோபம் அடியோட போகலை. ஆனா கத்துறதுக்கு முன்னால கொஞ்சம் நிறுத்துறார்."

அந்தக் கொஞ்ச நேரம்தான், நேயர்களே, இப்பயிற்சியின் பலன். ஒளி தெரியும், எல்லா நோயும் பறந்துபோகும் என்று எதிர்பார்ப்பவர் விரைவில் ஏமாந்து விட்டுவிடுவார். கோபம் வந்தபோது, சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு வந்ததா? படுத்ததும் தூக்கம் வந்ததா? தேர்வுத் தாளைப் பார்த்ததும் பிள்ளையின் கை நடுங்காமல் இருந்ததா? இவற்றைக் கவனியுங்கள். பயிற்சியின் நடுவில் மனம் கடன், சம்பளம், கல்யாணம் என்று ஓடினால் அதைத் திட்ட வேண்டாம். மறுபடியும் மூச்சுக்கு அழைத்து வாருங்கள். அழைத்து வருவதும் பயிற்சியே.

நம் வட்டாரத்துக்கு இன்னும் ஓர் எச்சரிக்கை உண்டு. 2005 ஆகஸ்டு 11-ஆம் நாள், காற்று மாசுக் குறியீடு 500-ஐத் தாண்டியதால் கோலசிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது நினைவிருக்கும். ராஜா மூசா பக்கம் கரிச்சதுப்பு நிலம் தீப்பிடித்தாலும் புகை நம் வாசலுக்கு வந்துவிடுகிறது. குறியீடு 100-ஐத் தாண்டிய நாளிலும், அருகில் மருந்து அடிக்கும் நாளிலும் வெளியே உட்கார்ந்து ஆழமாக மூச்சு இழுக்காதீர்கள். சன்னலைச் சாத்தி, வீட்டுக்குள் அதே மூலையில் உட்கார்ந்து, மூச்சு தானாக வந்துபோவதைக் கவனித்தால் போதும். அன்றைக்கும் நாட்காட்டியில் வட்டம் போடலாம்.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது நம் பழமொழி. பெரிய அடி வேண்டாம். 30 மூச்சு போதும். இன்றைக்கே வீட்டில் பேசி மூன்றை முடிவு செய்யுங்கள்: எந்த வேளையில் உட்காருவது, யார் எண்ணுவது, நாட்காட்டியில் யார் குறிப்பது. இவை முடிவானால் நாளைக் காலையில் ஆர்வம் வந்தாலும் வராவிட்டாலும் பாய் விரியும்.