வீடு பெயர்வோர் கேட்க வேண்டிய கேள்விகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் முழங்குவதே மரபு. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ மூட்டை முடிச்சுப் பற்றியது. வீட்டுப் பொருள்களை ஓர் ஊரினின்று மற்றோர் ஊருக்குக் கொண்டு சேர்க்கும் நிறுவனத்தை அமர்த்துமுன் கேட்க வேண்டிய கேள்விகள் யாவை என்பதே அது. விழா மேடைக்கு இது ஏற்றதோ எனச் சிலர் ஐயுறலாம். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் தமிழர் கூடிய சங்கத்தில் இதைப் பேசாமல் வேறெங்கே பேசுவது?

கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டு மதுரைக்குப் புறப்பட்டபோது அவர்களிடம் எஞ்சியிருந்த செல்வம் சிலம்பு ஒன்றே. மூட்டை கட்டும் கவலை அவர்களுக்கு இல்லை. நம் நிலை அத்தகையதன்று. சென்னைப் படைப்பிரிவுகளோடு செகந்தராபாத் வந்து தங்கிய குடும்பங்கள் உண்டு. இரயில்வேப் பணிக்கும், வங்கிப் பணிக்கும், இராமச்சந்திரபுரத்துப் பெருந்தொழிற்சாலைக்கும் வந்தோர் உண்டு. 1998-இல் ஹைடெக் சிட்டி எழுந்த பின்னர் கணினித் தொழிலுக்கு வந்த இளைஞர்களோ பலர். வந்தவர் அனைவரும் இங்கேயே நிலைத்துவிடுவதில்லை. மாற்றல் வருகிறது, ஓய்வு வருகிறது, மகனும் மகளும் வேறு நகரில் வேலை பெறுகின்றனர். ஆண்டுதோறும் நம்முள் சில குடும்பங்களேனும் வீடு பெயர்கின்றன.

அவ்வீடுகளில் உள்ள பொருள்கள் எத்தகையவை? பாட்டி காலத்துக் கொலு பொம்மைகள், பலாமரத்தில் குடைந்த தஞ்சாவூர் வீணை, கண்ணாடிச் சட்டமிட்ட தஞ்சை ஓவியம், தேக்கு ஊஞ்சல், வெண்கலப் பானை. கடைக்குச் சென்று இவற்றை மீண்டும் வாங்கிவிட இயலுமா? உடைந்த பொம்மைக்கு ஈடாகக் கிடைக்கும் பணம் அப்பொம்மை ஆகாது. ஆகவே, பொருள் கெட்ட பின் ஈடு கேட்பதினும், கெடாமல் காக்கும் வழியை முன்னரே தேடுவதே அறிவுடைமை. 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். ஒருவரை ஆராயாது நம்புதலும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுதலும் தீமை தரும் என்பது அதன் சாரம். ஆராய்வதற்குரிய காலம் எது என்பதே நாம் இன்று வலியுறுத்த விரும்பும் செய்தி.

அன்பர்களே! பொருள்கள் நம் வீட்டில் இருக்கும் வரையில் நம் கேள்விக்கு வலிமை உண்டு. அவை லாரியில் ஏறிக் கயிறு கட்டப்பட்டபின் அவ்வலிமை மறுபக்கம் போய்விடுகிறது. "பேசிய தொகை போதாது, இன்னும் இவ்வளவு கொடுத்தால்தான் இறக்குவோம்" என்ற சொல் எப்போது பிறக்கிறது? வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்து, குடும்பம் புகைவண்டி ஏறிய பின்னரே பிறக்கிறது. ஆதலின் கேட்க வேண்டிய அனைத்தையும் முன்னரே கேட்க வேண்டும். விடைகளை எழுத்தில் பெற வேண்டும்.

முதற் கேள்வி: "நீங்கள் யார்?" இது எளிய வினாவாகத் தோன்றும். ஆயினும் இத்தொழிலில் இதுவே கடினமான வினா. ஒரே பெயரை ஒத்த பலகைகள் எத்தனையோ தொங்குகின்றன. 'அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்' என்ற பெயரின் உரிமை பற்றி டி.ஆர்.எஸ். லாஜிஸ்டிக்ஸ் நிறுவனம் கூகுள் நிறுவனத்தோடு தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்காட நேர்ந்தது. ஒருவர் அப்பெயரைத் தேடும்போது, பணம் கொடுத்த பிறருடைய விளம்பரம் முன்னே வந்து நிற்பதே வழக்கின் பொருள். பிறர் வணிகப் பெயரை விளம்பரத்துக்குத் திறவுசொல்லாக ஆள்வதும் அப்பெயரைப் பயன்படுத்துவதே என்றும், மக்கள் மயங்க இடமிருந்தால் அது உரிமை மீறலாகக் கூடும் என்றும் 2023 ஆகஸ்டில் இருவர் அமர்வு தீர்ப்பளித்தது. நாம் கொள்ள வேண்டிய பாடம் யாது? தேடியவுடன் முதலில் தோன்றும் பெயர் நாம் தேடிய பெயராகவே இருக்கும் என்பது உறுதியன்று. எனவே அலுவலக முகவரியைக் கேளுங்கள். இயலுமாயின் நேரில் சென்று பாருங்கள். ஜி.எஸ்.டி. எண்ணைப் பெற்று, அரசு இணையதளத்தில் அவ்வெண்ணுக்குரிய பெயரும், அவர் சொன்ன பெயரும், பணம் செலுத்தும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றுதானா என ஒப்பிடுங்கள்.

இரண்டாவது: "சட்டப்படி பதிவு பெற்றவரா?" 1865-ஆம் ஆண்டுப் பழஞ்சட்டத்தை நீக்கி, 2007-இல் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இயற்றப்பட்டு, 2011 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பொதுச் சரக்கேற்றுவோர் யாவரும் அதன்படி பதிவுச் சான்று பெறல் வேண்டும். அச்சான்று 10 ஆண்டுகள் செல்லும். முகவரும் தரகரும் அச்சட்டத்தின் வரையறைக்குள் அடங்குவர். "நாங்கள் இடையில் நின்றவர்தாம், லாரி வேறொருவருடையது" எனக் கை கழுவ அவர்க்கு எளிதில் இடமில்லை. சிலர் 'ஐ.பி.ஏ. ஒப்புதல் பெற்றது' என அச்சிட்டிருப்பர். இந்திய வங்கிகள் சங்கத்தின் அப்பட்டியல், லாரி ரசீதின்மேல் வங்கிகள் கடன் வழங்குவதற்காக ஏற்பட்டது. வீணையைச் சிதையாமல் கட்டத் தெரிந்தவர் என்பதற்கு அது சான்றாகாது.

மூன்றாவது: "வீட்டை வந்து பார்த்தீர்களா? இத்தொகையில் எவை அடங்கும்?" தொலைபேசியில் நான்கு பொருள்களின் பெயரைக் கேட்டுத் தொகை சொல்பவரிடம் எச்சரிக்கை வேண்டும். கட்டும் கூலி, ஏற்றும் கூலி, இறக்கும் கூலி, சுங்கச் சாவடிக் கட்டணம், வரி, மின்தூக்கி இல்லாத மாடிக்கு ஏற்றும் கூலி, லாரி நுழையாத சந்தாயின் சிறு வண்டிச் செலவு ஆகிய அனைத்தும் அடக்கமா எனத் தனித்தனியே எழுதி வாங்குங்கள். மூவரிடமேனும் விலை கேளுங்கள். மற்ற இருவரினும் மிகக் குறைத்துச் சொல்பவர், குறைத்ததை வேறெங்கோ சேர்க்க எண்ணியிருக்கலாம். முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடாதீர்கள். பொருள் வந்து சேர்ந்தபின் கொடுக்க ஒரு பகுதி நம் கையில் இருக்கட்டும்.

நான்காவது: "லாரி முழுதும் எமக்கா, பிறர் சரக்கும் உடன் வருமா?" ஐதராபாத்திலிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். நார்க்கெட்பள்ளி, மிரியாலகூடா, அத்தங்கி வழியாக ஓங்கோலை அடைந்து, நெல்லூர் கடந்து செல்லும் வழி அது. தனி லாரியாயின் ஏற்றிய பொருள் வழியில் இறங்காமலே போய்ச் சேரும். பங்கு லாரியாயின் செலவு குறையும். ஆனால் லாரி நிறையும் வரை பொருள் கிடங்கில் காத்திருக்கும். மதுரைக்கோ நெல்லைக்கோ செல்வதாயின் இடையில் வேறு லாரிக்கும் மாறலாம். ஒவ்வொரு மாற்றத்திலும் மண் பொம்மைக்கு ஒரு கண்டம் உண்டு. எத்தனை முறை மாறும், எந்நாளில் சேரும், காலம் தாழ்ந்தால் கட்டணத்தில் எவ்வளவு குறைப்பீர் என்று கேளுங்கள். லாரி எண்ணையும் ஓட்டுநர் தொலைபேசி எண்ணையும் புறப்படுமுன் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது கேள்வியை நம்மவர் பெரும்பாலும் கேட்பதே இல்லை: "பொருள் கெட்டால் உங்கள் பொறுப்பு எவ்வளவு?" 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, கூடுதல் இடர்க் கட்டணம் செலுத்தாதபோது, சரக்கேற்றுவோர் பொறுப்பு வாடகையின் 10 மடங்கோடு நிற்கும். அதுவும் நாம் படிவத்தில் எழுதிக் கொடுத்த மதிப்பை விஞ்சாது. ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். வாடகை 20,000 ரூபாய் எனின் பொறுப்பின் எல்லை 2,00,000 ரூபாய். ஆயின் "சும்மா ஒரு தொகை போடுங்கள்" என்று அவர் சொல்ல, நாமும் பொருளின் மதிப்பை 50,000 என எழுதிவிட்டால், எல்லை அந்த 50,000 தான். ஆதலின் மதிப்பை மெய்யாக எழுதுங்கள். பயன்படுத்திய வீட்டுப் பொருள்களுக்கு இ-வே பில் தேவையில்லை. அதற்கு அஞ்சி மதிப்பைக் குறைக்க வேண்டுவதில்லை.

ஆறாவது: "காப்பீடு என வாங்கும் பணத்துக்குப் பத்திரம் எங்கே?" மதிப்பில் நூற்றுக்கு இத்தனை எனப் பணம் பெற்று, தம் ரசீதிலேயே 'காப்பீடு' என ஒரு வரி எழுதித் தருவோர் உண்டு. அது காப்பீடாகாது. காப்பீட்டு நிறுவனம் வழங்கிய, எண்ணிட்ட, நம் பெயர் கண்ட பத்திரம் வேண்டும். உடையவரே கட்டிய பெட்டிக்குப் பொறுப்பில்லை என்ற விதி பல பத்திரங்களில் இருக்கும். அதையும் படித்துத் தெளிக.

பொருள் ஏற்றும் நாளில் செய்யத்தக்கன சில. பெட்டிதோறும் எண்ணிட்டு, உள்ளிருப்பதை இரு படிகளில் எழுதி இருவரும் கையொப்பமிடுக. பொருள்களைக் கட்டுமுன் படம் எடுத்துக்கொள்க. நகை, சான்றிதழ், வீட்டுப் பத்திரம், அன்றாட மருந்து ஆகியவை நம்மோடு வரட்டும். எரிவாயு உருளையை முகவரிடம் ஒப்படைத்து மாற்றுச் சீட்டுப் பெறுக. லாரி ரசீது கையில் வராமல் லாரியைப் புறப்பட விடாதீர்கள். இறக்கும்போது சேதம் கண்டால், அதை ரசீதிலேயே எழுதிய பின்னர் கையொப்பமிடுக. 'யாவும் நலமே பெற்றோம்' என்ற அச்சிட்ட வரியின்கீழ்ப் பாராது ஒப்பமிடுதல் நம் வழக்கைப் பாதி இழப்பதாகும்.

இவ்வளவுக்குப் பின்னும் தீங்கு நேரின் என் செய்வது? முன் சொன்ன சட்டத்தின்படி, சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் இழப்பை எழுத்து மூலம் நிறுவனத்துக்கு அறிவித்தல் வேண்டும். அதன்றி வழக்குத் தொடர இயலாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம். ஐதராபாத்தில் பொருளை ஏற்றிய நிறுவனத்தின்மேல் திருச்சியிலிருந்தே முறையிட முடியும் என்பது பெயர்ந்து செல்வோர்க்குப் பெருந்துணை. நிறுவனத்துக்குக் கொடுத்த கட்டணம் 5 இலட்சம் ரூபாய்க்குள் இருப்பின் முறையீட்டுக்குக் கட்டணமும் இல்லை.

பெரியோர்களே! இத்தொழிலில் உள்ளோர் அனைவரும் தீயோர் என நாம் கூற வரவில்லை. பீரோவை முதுகில் சுமந்து மூன்று மாடி இறக்கும் தொழிலாளியின் வியர்வைக்கு நாம் கடன்பட்டவர். நேர்மையாளர் கேள்விகளால் வருந்தார். தெளிவான விடை தந்து நம் நம்பிக்கையைப் பெறுவர். கேள்வி கேட்டதற்கே சினப்பவர் யாராயினும், அவரிடம் வீட்டை ஒப்படையாதிருத்தல் நன்று.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வீடு பெயர்ந்தோர் தம் பட்டறிவை, நன்றாயினும் தீதாயினும், சங்கத்தாரிடம் சொல்லிச் செல்லுங்கள். பணி ஓய்வு பெற்றுத் தனியே ஊர் திரும்பும் முதியவர்களுக்கு, விலை பேசும் நாளிலும் பொருள் ஏற்றும் நாளிலும் நம் இளைஞர் இருவர் உடன் நின்று உதவட்டும். கேள்வி கேட்க ஒருவர் அருகில் இருந்தாலே பாதித் தீங்கு விலகும். அயலூரில் தமிழர்க்குத் தமிழர் செய்யும் தொண்டுகளில் இதுவும் ஒன்றாகட்டும்.