புள்ளியைப் பார்க்காதே, வயலுக்கு வந்து பார்!
(ஆர்ப்பாட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல் அறுத்த தாளைக் கொளுத்தும் தீயைச் செயற்கைக்கோள் தினமும் கணக்கெடுக்கிறது. அந்தப் புகை டெல்லிவரை போகுது. 2024 நவம்பரில் அங்கே அபராதத்தை இரட்டிப்பாக்கிவிட்டார்கள். 2 ஏக்கருக்குக் கீழே வைத்திருப்பவருக்கே 5,000 ரூபாய்!

வடக்கே நடக்கிற கதை, தாமிரபரணிக் கரையில் நமக்கென்ன என்று இருக்க முடியுமா? அதே செயற்கைக்கோள் நம்ம தலைக்கு மேலேயும்தான் போகுது. நாளைக்கு இங்கேயும் நோட்டீஸ் வரலாம்.

அந்தப் படத்தில் ஒரு புள்ளி 375 மீட்டர் நீளம், 375 மீட்டர் அகலம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 35 ஏக்கர்! அதற்குள்ளே நம்ம ஊரில் எத்தனை பேர் வயல் கிடக்கு? தீ யார் வயலில் என்று புள்ளி சொல்லுமா?

கொளுத்துவது சரி என்று நாம் சொல்லவில்லை. வைக்கோலின் தழைச்சத்து புகையோடு போகுது. மாட்டுக்குத் தீவனம் போகுது. புகை முதலில் நம்ம பிள்ளைகள் நெஞ்சிலேதான் இறங்குது.

ஆனால் ஏன் கொளுத்துறோம்? கையறுப்புக் காலத்தில் வைக்கோல் படப்புக்கு வந்தது. மிஷின் அறுப்பில் வயலிலேயே சிதறிக் கிடக்கு. கார் அறுத்த கையோடு பிசானத்துக்கு உழணும். கட்டு கட்டுற மிஷினுக்கு வாடகை கொடுக்கக் கையில் காசில்லை.

ஆகவே அரசே!

வைக்கோல் கட்டும் மிஷினைக் கூட்டுறவுச் சங்கம் மூலம் குறைந்த வாடகைக்குக் கொடு!

விவசாயி முன்னிலையில் வயலைப் பார்க்காமல் அபராதம் போடாதே!

ஒன்றுபடுவோம்! கோரிக்கையை வென்றெடுப்போம்!