ஒழுங்கை முகப்பில் நிற்கும் வண்டி

யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே வீட்டையும் வீதியையும் இணைப்பது ஒழுங்கை. பெருந்தெருவை அரசாங்கம் பார்க்கும். உட்தெருவைப் பிரதேச சபை பார்க்கும். ஒழுங்கையைப் பார்ப்பார் எவருமிலர். அது நான்கு வீட்டாருக்கும் சொந்தம். ஆகையால் நால்வரில் ஒருவரும் அதற்கு ஒரு கூடை கிரவல் கொட்டுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையிலே அது வாய்க்காலாகும். கோடையிலே வலிகாமத்தில் செம்புழுதியாகவும், வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் காலைப் புதைக்கும் மணலாகவும் கிடக்கும். பிறந்த பிள்ளை இதனூடாகவே வீட்டுக்கு வருகின்றது. நோயாளியும் இதனூடாகவே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

இன்று இலங்கையில் எவரும் 1990 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால், கட்டணமின்றி அம்புலன்ஸ் வண்டி வருகின்றது. இந்திய அரசின் நன்கொடையோடு 2016ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பமான ‘சுவ செரிய’ சேவை 2018இல் வட மாகாணத்துக்கும் வந்தது. பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவரும் பிராணவாயுவும் வண்டியோடு வருதலால், வைத்தியசாலையின் ஒரு பகுதியே வீட்டை நாடி வருகின்றது எனலாம். ஆயினும் அது வீட்டுக்கு வருகின்றதா, ஒழுங்கை முகப்பு வரை மட்டும் வருகின்றதா என்பதே கேள்வி.

நேயர்கள் ஓர் இரவை எண்ணிக்கொள்ளலாம். வீட்டிலுள்ள முதியவருக்கு வாய் கோணுகின்றது, வலக்கை விழுகின்றது, பேச்சுக் குழறுகின்றது. பாரிசவாதமென்று வீட்டார் அறிந்துகொள்ளுமுன்னரே சில வேளை ஒரு மணி நேரம் கழிந்துவிடுகின்றது. இரத்தக் கட்டி அடைத்ததனால் வந்த வாதமாயின், அதனைக் கரைக்கும் மருந்தை நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் ஏற்றுதல் வேண்டும். அதற்கும் முன்னர், தலைக்குள்ளே இரத்தக் கசிவு இல்லையென்று ஸ்கான் செய்து அறிதல் வேண்டும். இவையனைத்தையும் செய்யவல்ல பெரிய வைத்தியசாலையோ தொலைவில் உள்ளது. வண்டி விரைந்து வந்து ஒழுங்கை முகப்பில் நிற்கின்றது. சாரதி இறங்கி மின்சூளை அடித்துப் பார்க்கின்றார். இருபுறமும் மதில், முன்னே ஒரு முடக்கு, அதற்கப்பால் என்ன இருக்கின்றதென்று தெரியவில்லை. நோயாளியை ஏற்றும் சில்லுக்கட்டிலோ கிடங்கிலும் மணலிலும் உருளாது. இறுதியில், பாட்டன் காலத்திற் செய்தது போலவே, மைந்தரிருவர் தந்தையைக் கதிரையில் இருத்தித் தூக்கிவருகின்றனர்.

இவ்வாறு தூக்கிவருதல் சில நோயாளருக்குத் தாமதம் மட்டுமே. வேறு சிலருக்கு அதுவே ஆபத்தாகும். விரியன் தீண்டியவரை நடக்கவிடலாகாது. தீண்டிய காலை அசையவிடலும் ஆகாது. இதயம் நின்றவருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருத்தல் வேண்டும். கதிரையில் ஆடியாடி வருபவரின் நெஞ்சை அழுத்துவது எங்ஙனம்? பிரசவத்தின் பின் இரத்தம் பெருகும் தாய்க்கும் அந்த இருநூறு யார் தூரம் மிக நீண்டதே.

இத்தகைய ஒழுங்கைகள் எவ்வாறு தோன்றின? பெரும்பாலும் பங்கீட்டினால். பத்துப் பரப்பு வளவொன்று மக்களுக்குச் சீதனமாகவும் முதுசமாகவும் மூன்றாகின்றது. பின்பங்குக்கு முன்பங்கினூடே வழி விடவேண்டியிருக்கின்றது. நொத்தாரிசு, கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் உண்டென்று உறுதியில் எழுதிவிடுகின்றார். எத்தனை அடி அகலமென்று எழுதாத உறுதிகளும் உண்டு. எழுதிய இடத்திலும் அவ்வகலம் துவிச்சக்கர வண்டிக்கோ, மிஞ்சினால் மாட்டுவண்டிக்கோ அளந்ததாகும். அன்று அது போதியதாகவே இருந்தது. எழுதியவரைக் குறைகூற இடமில்லை.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் இந்நாட்டு வழக்கங்களை 1707இல் தேசவழமையென்று தொகுப்பித்தனர். அது பேசாத விடயங்களிலே அவர்களுடைய உரோமன்-டச்சுச் சட்டமே இன்றும் செல்லும். அச்சட்டத்தின் மூலமான உரோமர் சட்டம் வழியுரிமையை மூவகையாகப் பிரித்தது: ஆள் நடக்கும் வழி, கால்நடை ஓட்டும் வழி, வண்டி செல்லும் வழி. ஒன்றைப் பெற்றவர் அதனின் மிக்கதைக் கேட்க இயலாது. ஏறக்குறைய கி. மு. 450இல் எழுந்த அவர்களுடைய பன்னிரண்டு பலகைச் சட்டம் வண்டிவழிக்கு அகலமும் வகுத்தது: நேரான இடத்தில் 8 அடி, முடக்கில் 16 அடி. இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே அறியப்பட்ட இந்த உண்மையை இன்று மதில் கட்டுவோர் அறிந்ததாகத் தெரியவில்லை.

முடக்கில் ஏன் இரட்டை அகலம் வேண்டும்? நான்கு சில்லு வண்டி திரும்பும்போது பின்சில்லு முன்சில்லின் தடத்திலே வருவதில்லை. உட்புறமாக வெட்டி வருகின்றது. வண்டி நீளுந்தோறும் அந்த வெட்டும் பெருகும். அம்புலன்ஸ் வண்டி பக்கக் கண்ணாடிகளோடு 7 அடிக்குச் சற்று மேல் அகலமும், 16 அடிக்கு மேல் நீளமும் உடையது. தீயணைப்பு வண்டி இன்னும் பெரிது. 8 அடி ஒழுங்கையில் நேரே செல்லும் வண்டி, அதே 8 அடி முடக்கிலே சிக்கிக்கொள்ளும். ஒருவாறு வீட்டுவாசலை அடைந்தாலும், பின்கதவைத் திறந்து கட்டிலை இழுக்க இடமில்லையானால் வந்த பயன் யாது?

முன்னாளில் இத்துணை இடர் இருந்ததில்லை. கிடுகு வேலியும் கிளுவை, பூவரசங் கதியாலும் நெகிழ்ந்து கொடுக்கும். அவசரமென்றால் இரண்டு கதியாலைப் பிடுங்கி, நாலு கிடுகை அவிழ்த்து வழி உண்டாக்கலாம். மறுநாட் காலையில் மீண்டும் கட்டலாம். இன்று வேலியிருந்த இடத்திலே சீமெந்து மதில் எழுந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் முதலெழுவது பல வளவுகளில் அதுவே. எல்லையில் ஒரு சாணும் விடாது, முடக்கின் மூலையைக் கத்தி போற் கூராக்கிக் கட்டுகின்றார்கள்.

அந்த மூலையின் விலையைச் சிறிது கணக்கிட்டுப் பார்க்கலாம். மூலையிலிருந்து இருபக்கமும் பத்தடி அளந்து சரிவாக மதிலைக் கட்டினால், விட்ட நிலம் 50 சதுர அடி. ஒரு பரப்புக்கு 18 குழி. ஒரு குழி ஏறக்குறைய 150 சதுர அடி. ஆகவே விட்டுக்கொடுப்பது ஒரு குழியின் மூன்றிலொரு பங்கு. ஒரு தேசிக்காய் மரம் நிற்கும் இடம். மதில் எழுமுன் இதனைச் செய்வதற்குச் செலவேயில்லை. எழுந்தபின் இடிக்கவேண்டும், இடிக்க எவர் இசைவார்?

வழக்குக்குப் போகலாம். வழியே இல்லாத காணிக்கு அவசிய வழி கேட்கவும், பத்தாண்டு இடையறாது பயன்படுத்திய வழியை உரிமையாக நிலைநாட்டவும் சட்டம் இடந்தருகின்றது. ஆனால் காணி வழக்குகள் எத்துணைக் காலம் நடக்குமென்பதை யாழ்ப்பாணத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதனினும் சுருக்கமான வழி, ஒழுங்கையின் பங்காளர் அனைவரும் கையொப்பமிட்டு அதனைப் பிரதேச சபைக்குக் கையளித்தல். தனியார் வழியிலே பொதுப்பணத்தைச் செலவிடச் சபை தயங்கும். தன் பொறுப்பில் வந்த பாதையென்றால் மக்கியும் கிரவலும் கேட்க வழி பிறக்கும். பத்துப்பேரில் ஒருவர் கனடாவில் இருப்பார், மற்றொருவர் சித்தப்பனோடு பேசமாட்டார் என்பதே பெரும்பாலும் தடை.

கையொப்பம் வருமளவும் கத்தியும் மண்வெட்டியும் செய்யக்கூடிய வேலை உண்டு. எட்டடிப் பனஞ்சலாகை ஒன்றைக் குறுக்கே பிடித்தும், பத்தடித் தடியொன்றை நிமிர்த்திப் பிடித்தும், இருவர் ஒழுங்கை முகப்பிலிருந்து படலை வரை நடந்து பார்க்கலாம். தட்டுகின்ற முருங்கைக் கொப்பு, தாழ்ந்து தொங்கும் கம்பி, வாய்க்காலின் மேற் போட்ட உடைந்த பலகை யாவும் அந்நடையில் வெளிப்படும். கொப்பை வெட்டலாம், கம்பியை மட்டும் தாமே தொடாது மின்சார சபைக்கு அறிவித்தல் வேண்டும். முகப்பிலே ஒழுங்கையின் பெயரையும் வீட்டிலக்கங்களையும் எழுதிய பலகை ஒன்று நிற்கட்டும். 1990க்கு அழைத்தவுடன் ஒரு பிள்ளையை மின்சூளோடு தெருவுக்கு அனுப்புதலும் வேண்டும். இரவிலே எல்லா ஒழுங்கையும் சாரதிக்கு ஒன்று போலவே தோன்றும்.

ஒழுங்கை அகலாதென்று சொல்வோர் ஒன்றை நினைவுகூரலாம். அதே ஒழுங்கையின் கடைக்கோடியில் மாடி வீடு எழுந்தபோது மணலும் கல்லும் ஏற்றிய லொறி எவ்வழியே போயிற்று? முடக்கிலிருந்த வேலியை அயலவர் மூன்று நாளுக்குக் கழற்றிக் கொடுத்தனர். வீட்டுக்காரரும் நன்றி சொல்லித் திரும்பக் கட்டிக்கொடுத்தார். அடுத்த ஆண்டு அவ்விடத்தில் மதில் எழுந்தது.