எந்தத் திடலில் ஆடுவது?



பந்துக்கும் தமிழுக்கும் உள்ள உறவு பழையது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையிலே 'கந்துகவரி' என்றொரு பகுதி உண்டு. மகளிர் பந்தடித்துக்கொண்டே பாண்டியனை வாழ்த்தும் பாட்டு அது. பெருங்கதையிலும் பந்தாட்டப் போட்டி வருகிறது. ஆகவே, ஓர் இலக்கிய நிகழ்ச்சியிலே கோல்ப் விளையாட்டைப் பற்றிப் பேசத் துணிந்தமைக்காக நேயர்கள் என்னைக் கோபிக்கமாட்டீர்கள் என நம்புகின்றேன்.

நான் படிப்பிக்கும் இந்துக் கல்லூரியிலே என்னிடம் உயர்தர வகுப்பில் தமிழ் கற்ற மாணவர் ஒருவர் இப்பொழுது கனடாவில் இருக்கின்றார். நண்பர்கள் மூவருடன் ஜூலை மாதம் ஆறு நாள் கோல்ப் பயணமாக வருகின்றாராம். “சேர், மூன்று திடல்களுக்குத்தான் நேரமிருக்கிறது. எவற்றைத் தெரிவு செய்யலாம்?” என்று கேட்டு எழுதியிருந்தார். நான் மட்டை பிடித்தறியாதவன் என்பது அவருக்குத் தெரியும். கேள்விக்கான காரணம் கடிதத்தின் கடைசிப் பந்தியிலே இருந்தது. அவருடைய தகப்பனார் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலே கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளிலே பட்டணத்துக்குப் போகும்போது வீதியில் நின்று அந்த விளையாட்டைப் பார்த்திருக்கின்றார், ஒருநாளும் ஆடியதில்லை. “அப்பா வெளியே நின்று பார்த்த புல்லிலே நான் கால் வைப்பதா, வேண்டாமா?” இதுதான் மாணவரின் உண்மையான கேள்வி.

கிரிக்கெட் ஆடுகளம் எங்கு சென்றாலும் 22 யார் நீளந்தான். டெனிஸ் தளத்துக்கும் ஒரே அளவுதான். கோல்ப் திடலுக்கு அப்படியொரு கட்டளை அளவு கிடையாது. 18 குழிகள் என்பது பொதுவிதி. மற்றபடி மேடும் பள்ளமும், நீரும் மணலும், மரமும் காற்றும் அந்தந்த நிலம் கொடுப்பவை. நிலமே ஆட்டத்தின் பாதி. அதனாலேதான் இவ்விளையாட்டுக்காரர் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாக அலைகின்றார்கள். நிலத்தை வைத்தே வாழ்வைப் பேசிய திணை மரபைப் படித்த எமக்கு இது விளங்காத சங்கதியல்ல. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று தொல்காப்பியர் வகுத்துத் தந்த அளவுகோலைக் கொண்டே திடல்களைப் பார்க்கலாம்.

கொழும்பிலிருந்து தொடங்குவோம். 1879ஆம் ஆண்டு கொழும்பு கோல்ப் கழகம் உருவானபோது ஆட்டம் காலிமுகத்திடலிலே நடந்தது. 1896இல் பொரளைக்கு இடம் மாறியது. 1928இல் 'றோயல்' என்னும் பட்டம் சேர்ந்தது. கிருலப்பனையிலிருந்து மருதானைக்குச் செல்லும் களனிவெளி ரயில், நாரஹேன்பிட்டியையும் கோட்டா வீதியையும் தாண்டியதும் இந்தத் திடலின் நடுவாகவே போகின்றது. ஜன்னலோரம் ஒருபுறம் பச்சைக் கம்பளம், மறுபுறமும் பச்சைக் கம்பளம். உள்ளே கந்தோருக்குப் போகும் சனம் படியிலே தொங்கிக்கொண்டு நிற்கும். ரயில் வரும்போது ஆடுபவர் மட்டையை ஊன்றிக்கொண்டு காத்திருப்பார். செல்வரைச் சாமானியருக்காகக் காக்க வைக்கும் இடம் கொழும்பிலே வேறு எத்தனை உண்டு? இக்காட்சிக்காகவே பொரளையை முதலாவதாகச் சொல்வேன்.

இரண்டாவது, கண்டிக்கு அப்பால் திகனையிலுள்ள விக்டோரியாத் திடல். ஆங்கிலேயரான டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்தது. 1990களின் இறுதியில் திறக்கப்பட்டது. முன்னர் தென்னந்தோட்டமாக இருந்த நிலம். மலைகள் சூழ, கீழே விக்டோரியா நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கும். அழகிலே இதனை மிஞ்ச ஏதுமில்லை என்பார்கள். ஆனால், மகாவலியை மறித்து 1985இல் திறந்துவைக்கப்பட்ட அந்த அணையின் நீருக்கடியிலே பழைய தெல்தெனிய நகரம் கிடக்கின்றது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கட்டடங்கள் தலைகாட்டும். இதனை அறிந்து ஆடுபவனுக்கும் அறியாமல் ஆடுபவனுக்கும் தெரிவது ஒரே நீர்தான், காண்பது வெவ்வேறு.

மூன்றாவது இடத்துக்குத்தான் போட்டி. நண்பர்களின் விருப்பம் அம்பாந்தோட்டை. அங்கே 2016இல் திறக்கப்பட்ட ஹோட்டலொன்றின் திடல் இந்து சமுத்திரத்தின் ஓரத்திலே இருக்கின்றது. அதன் ஒரு பகுதி முன்னர் நீலக்கல் அகழ்ந்த நிலம். நெய்தலும் பாலையும் கலந்த பூமி. ஜூலையிலே மழைப் பயம் இல்லை, காற்றுத்தான் பகை. 2020இல் அதிவேக வீதி அந்தப் பக்கம் வரை நீண்டதால் பயணமும் இலகு. கிழக்கை விரும்புவோருக்குத் திருகோணமலைச் சீனன்குடாவிலே விமானப்படையினரின் திடலும் உண்டு.

நுவரெலியாவோ ஜூலையில் தென்மேற்குப் பருவமழையிலே நனைந்து கிடக்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். 1889இல் ஸ்கொட்லாந்துப் படைவீரர் ஒருவர் தொடக்கிய கழகம் என்பது வரலாறு. திடல் பட்டணத்தின் மத்தியிலேயே இருக்கின்றது. நீளம் குறைவு, ஆனால் இருபுறமும் உயர்ந்த மரங்கள் நெருக்குவதால் நேராக அடிக்கத் தெரியாதவர் பந்தைக் காட்டிலே தேடவேண்டும். மெல்லிய மலைக்காற்றிலே பந்து சற்றுத் தூரம் கூடுதலாகவே பறக்கும். கணக்குப் பார்த்தால், ஜூலைப் பயணிக்கு அம்பாந்தோட்டையே புத்தி. ஜனவரி தொடக்கம் ஏப்ரல் வரை வருபவருக்கே நுவரெலியா உகந்தது.

இருந்தும் என் மாணவருக்கு நான் நுவரெலியாவையே எழுதினேன். விளம்பரப் புத்தகங்கள் முதற்பொருளைச் சொல்லும். கருப்பொருளிலும் கொஞ்சம் சொல்லும். உரிப்பொருளை ஆடுபவன்தான் கொண்டுபோக வேண்டும். அம்பாந்தோட்டையிலே அவர் நல்ல ஆட்டக்காரர். நுவரெலியாவிலே அவர் ஒருவரின் மகன். அந்த மலைகளிலே காடு வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்டவர்கள் எவ்வழியாக வந்தார்கள், எத்தனை பேர் பாதையிலே மடிந்தார்கள், 1948இல் அவர்களுடைய பிள்ளைகளின் குடியுரிமை எப்படிப் பறிபோனது என்பதெல்லாம் அவர் வகுப்பிலே கேட்டவர். அவ்வுழைப்பு எழுப்பிய பட்டணத்தின் நடுவிலே உள்ள புல்லை அந்நியமென்று ஒதுக்கினால், தகப்பனார் வெளியே நின்ற நிலையை மகன் தானாகவே இன்னொரு தலைமுறைக்கு நீட்டுவதாகாதா?

“தம்பி, கட்டணத்தைச் செலுத்தி, தலை நிமிர்ந்து உள்ளே போங்கள். பையைச் சுமந்து வருபவரிடம் தமிழிலே பேசிப் பாருங்கள். தமிழிலேயே பதில் வரவும் கூடும். அவருடைய ஊரையும் தோட்டத்தையும் கேளுங்கள். மழை வந்தால் நனையுங்கள். அடுத்தநாள் நண்பர்களையும் அழைத்துக்கொண்டு அப்பா இருந்த தோட்டத்து லயத்துக்குப் போங்கள். அதற்காக ஒரு நாளை ஒதுக்கத்தான் அம்பாந்தோட்டையை வெட்டச் சொல்கிறேன்” என்று எழுதினேன்.

பொரளை, திகனை, நுவரெலியா. ரயிலிலே நானுஓயா வரை ஏறிச் செல்ல நேரமிருந்தால் இன்னும் நல்லது. திடலைத் தெரிவு செய்வது பந்துக்காக மட்டுமென்றால் காற்றும் மழையும் பார்த்தாலே போதும். மனிதனும் கூடப் போவதால் அந்த நிலத்தில் யார் வியர்த்தார் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.