நயினாதீவுக் கல் கூறும் கடற்சட்டம்



குறிகட்டுவானில் வள்ளமேறி நயினாதீவுக்குச் செல்வோர் நாகபூசணி அம்மனைத் தரிசித்து மீள்வர். அக்கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டை நின்று நோக்குவோர் சிலரே. 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார்.

பரதேசிகள் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்க வேண்டும். அவர்களுக்குக் காவல் வேண்டும் என்கிறது அக்கல். அடுத்து வருவதே சுவையான பகுதி. யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் உடைந்தால், பண்டாரத்துக்குக் காற்பங்கு, உடையவனுக்கு முக்காற்பங்கு. வேறு சரக்கேற்றிய கலமாயின் இருவர்க்கும் சரிபாதி. இவ்வேறுபாடு இரக்கத்தால் எழுந்ததன்று. யானையும் குதிரையும் மன்னன் விரும்பியவை. யானைக்குப் பேர்போன ஈழத்துக்கு யானை வந்திறங்கியது வியப்பன்றோ!

சிங்கள மன்னனின் ஆணை தமிழில் அமைந்தமையும் கருதத்தக்கது. துறையில் வழங்கிய மொழியிலேயே சட்டம் சொல்லப்பட்டது.

இவ்வாணையைக் கல்லிலும் செம்பிலும் பொறிக்குமாறு மன்னன் பணித்தான். நம் கைக்கு எட்டியது கல்லே. ஆதலின், தீவகத்தில் பழஞ்சுவர் இடிப்போரும் கிணறு தூர்வாருவோரும் எழுத்துள்ள கல்லைக் கண்டால், சுண்ணாம்பு பூசாது, உளி படவிடாது, தொல்பொருட் திணைக்களத்துக்கு அறிவிப்பார்களாக.